சேப்பாக்கத்தில் முதல் மேட்ச்: புதிதாக வருகிறவர்களுக்கு

சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கியவர்கள், ஊர் கொஞ்சம் பிடிபட்டதும் கேட்கிற கேள்விகளில் ஒன்று: "சேப்பாக்கத்துல ஒரு மேட்ச் பார்க்கணும், எப்படிப் போறது?" கேட்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் ஐபிஎல். என் பதில் அவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்: முதல் முறை ஐபிஎல்லுக்குப் போகாதீர்கள். கூட்டமில்லாத நாளில் போங்கள். மைதானத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், கூட்டத்தை அப்புறம் பார்க்கலாம்.

இதை ரசனைக்காக மட்டும் சொல்லவில்லை. எந்தச் சாலையில் எந்த கேட், மூன்று மணி வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், எந்த ஸ்டாண்டிலிருந்து பந்து திரும்புவது தெரியும் என்பதையெல்லாம் 38,000 பேருக்கு நடுவில் முண்டியடித்துக்கொண்டு தெரிந்துகொள்ள முடியாது. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் நாளில் ஒரே காலையில் பிடிபட்டுவிடும்.

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

டிக்கெட்டில் "எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியம்" என்று இருக்கும். இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவரின் பெயர் அது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். "சேப்பாக்கம் கிரவுண்டு" என்றால் போதும்.

"ஸ்டேடியம்" என்று மட்டும் சொல்லி ஏறிவிடாதீர்கள். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் இருக்கிறது, வண்டி அங்கே போய் நின்றுவிடலாம். இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அப்போது அழைக்கப்பட்ட அந்த நேரு ஸ்டேடியத்தில்தான் நடந்தன. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 1956-இல் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்தச் சாதனை 2008 வரை நின்றது. சேப்பாக்கம் கேலரியில் யாராவது "இதே கிரவுண்டுலதான் சார் அந்த 413" என்று ஆரம்பித்தால் சும்மா தலையாட்டிவிடுங்கள். திருத்தப் போனால் ஒரு செஷன் போய்விடும்.

எந்த ஆட்டத்துக்குப் போவது

வரிசை இதுதான்: ரஞ்சி, டெஸ்ட், அப்புறம் ஐபிஎல்.

மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் அக்டோபரில் தொடங்கி, நடுவில் இடைவெளி விட்டு, பிப்ரவரி, மார்ச் வரை போகும். தமிழ்நாட்டின் சொந்த மண் ஆட்டங்கள் எல்லாமே சேப்பாக்கத்தில் நடப்பதில்லை. கோவை, சேலம், நத்தம் என்று பிரித்துப் போடுவார்கள். அதனால் அட்டவணை வந்ததும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் ஆட்டம், காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். டிக்கெட் கிடையாது, நேரே உள்ளே போய் உட்காரலாம். ஒன்றிரண்டு ஸ்டாண்டைத்தான் திறந்து வைத்திருப்பார்கள், கூட்டத்துக்கு அது தாராளம்.

அங்கே கிடைப்பது டிவியில் கிடைக்காத ஒன்று: ஒலி. மட்டையின் நடுவில் பட்ட பந்துக்கும் ஓரத்தில் பட்ட பந்துக்கும் உள்ள வித்தியாசம் காதிலேயே தெரியும். விக்கெட் கீப்பர் தமிழில் பந்து வீச்சாளரை உசுப்பேற்றுவது கேட்கும். வழக்கமாக வரும் பெரியவர்கள் சிலர் இருப்பார்கள். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, படிப்பதுபோல் இருந்துகொண்டே, ஒரு பந்தைக்கூடத் தவறவிட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சார், இந்தப் பையன் எந்த கிளப்புக்கு ஆடறான்?" என்று கேளுங்கள். அன்றைய பொழுதுக்கு உங்களுக்கு ஒரு வாத்தியார் கிடைத்துவிட்டார்.

ரஞ்சிக்கு இங்கே போவதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்தப் போட்டித் தொடரே இந்தத் தரையில்தான் பிறந்தது. 1934 நவம்பர் 4-ஆம் தேதி சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டம்தான் ரஞ்சியின் முதல் ஆட்டம். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். தொடங்கிய நாளே ஆட்டம் முடிந்துவிட்டது.

அடுத்து டெஸ்ட். சென்னைக்கு டெஸ்ட் ஆண்டுதோறும் வருவதில்லை. ஆண்கள் டெஸ்ட்டில் 2016 டிசம்பருக்குப் பிறகு 2021 பிப்ரவரியில் இரண்டு, அதன் பிறகு 2024 செப்டம்பரில் ஒன்று. இப்படி விட்டு விட்டு வருவதால், அறிவிப்பு வந்தால் விடுப்புக்கு உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்த நாளுக்குப் போவது என்பதில் கொஞ்சம் கணக்கு வேண்டும். சேப்பாக்கம் என்றால் சுழல், சுழல் என்றால் நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்று நினைத்து அந்த டிக்கெட்டை மட்டும் வாங்கி வைத்தால் ஏமாறலாம். 2021-இன் இரண்டாவது டெஸ்ட்டும் 2024-இன் வங்கதேச டெஸ்ட்டும் நான்காம் நாளோடு முடிந்துவிட்டன. ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால் மூன்றாம் நாள். பிட்ச் உடையத் தொடங்கியிருக்கும், ஆட்டமும் உயிரோடு இருக்கும்.

பெண்கள் டெஸ்ட்டைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். 2024 ஜூன் இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இங்கே நடந்த டெஸ்ட்டில் ஷஃபாலி வர்மா 205 அடித்தார், இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 எடுத்து டிக்ளேர் செய்தது, சினே ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்தார். இப்படியொரு ஆட்டம் நடந்தது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஐபிஎல்லைப் பற்றி நான் சொல்லி ஆக வேண்டியது குறைவு. 2008-லிருந்து சென்னை சூப்பர் கிங்ஸின் வீடு இது. மஞ்சள் சட்டை, விசில், தோனி இறங்கும்போது காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் சத்தம். ஒரு முறையாவது போக வேண்டும். கிரிக்கெட் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பாதி நேரம் முன்னால் இருப்பவர் எழுந்து நிற்பார், நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

டிக்கெட்

பெரிய ஆட்டங்களுக்கு இப்போது டிக்கெட் இணையத்தில்தான். வாலாஜா சாலையில் முந்தைய இரவே துண்டை விரித்துப் படுத்து, விடிந்ததும் கவுண்டரில் வாங்கிய காலம் போய்விட்டது. விற்பனை எந்தத் தளத்தில், எத்தனை மணிக்கு என்பதை அணியோ சங்கமோ அறிவிக்கும். முன்கூட்டியே கணக்குத் தொடங்கி உள்நுழைந்து, பணம் கட்டும் வழியையும் தயாராக வைத்திருங்கள். ஐபிஎல்லில் டிக்கெட் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். 2024-இல் சிஎஸ்கே ஆட்டங்களுக்கு மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். ரஞ்சியை இலவசமாகப் பார்த்தவருக்கு இது கொஞ்சம் வலிக்கும்.

மைதான வாசலில் "டிக்கெட் வேணுமா சார்" என்று காதோடு சொல்கிறவர்களிடம் வாங்காதீர்கள். விலை மூன்று மடங்கு என்பது ஒரு பக்கம். அதே க்யூஆர் கோடு உங்களுக்கு முன்னால் வேறொருவருக்கும் விற்கப்பட்டிருந்தால் கேட்டில் நிற்க வேண்டியவர் நீங்கள்தான். சமூக வலைதளங்களில் "ஒரு டிக்கெட் கூடுதலாக இருக்கிறது" என்று வரும் அந்நியர்களின் பதிவுகளும் அதே ரகம்.

ஸ்டாண்டுகளுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். சி, டி, இ கீழ்த்தளம்தான் பொதுவாக மலிவு. மேல்தளத்தில் பார்வை முழுமையாக இருக்கும், ஃபீல்டிங் எப்படி மாறுகிறது என்பதைப் படம்போல் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் வேகம் தெரியும், எல்லைக்கோட்டில் நிற்பவரின் முகம் தெரியும். எனக்கு மேல்தளம். முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தைத்தான் விரும்புகிறார்கள், அதிலும் தவறில்லை.

ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகளுக்கு ஒரு கதை உண்டு. 2011 உலகக் கோப்பைக்காக மைதானத்தைப் புதுப்பித்தபோது கட்டியவை. கட்டட அனுமதிச் சிக்கலில் மாட்டி, அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. ஊரே டிக்கெட்டுக்கு அலையும்போது ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலியாக, டிவியில் பளிச்சென்று தெரியும். 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குக் கை நழுவிப் போனது இவற்றைத் திறக்க அனுமதி கிடைக்காததால்தான். 2021 இங்கிலாந்துத் தொடரில்தான் மறுபடியும் அங்கே ஆட்கள் உட்கார்ந்தார்கள். இன்று உங்கள் டிக்கெட்டில் ஐ, ஜே, கே என்று இருந்தால் நீங்கள் உட்காரப்போவது அந்த இருக்கைகளில்தான்.

பழைய அண்ணா பெவிலியன் இப்போது இல்லை. அந்தப் பக்கம் கட்டிய கலைஞர் மு. கருணாநிதி ஸ்டாண்ட் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. வர்ணனையாளர்கள் இன்னமும் "அண்ணா பெவிலியன் எண்ட்" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். எதிர் முனை பட்டாபிராமன் கேட் எண்ட்.

வெயிலையும் காற்றையும் பார்த்து இடம் பிடியுங்கள்

பகல் ஆட்டமென்றால் டிக்கெட் விலையைவிட இதுதான் முக்கியம். மைதானத்துக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் பறக்கும் ரயிலும், அதைத் தாண்டி மெரினா. மேற்கே பெல்ஸ் ரோடு. இதை மனதில் வைத்தால் கணக்கு எளிது. கால்வாய்ப் பக்கம் உட்கார்ந்தால் முகம் மேற்கே பார்க்கும். மதியத்துக்கு மேல் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். பெல்ஸ் ரோடு பக்கம் உட்கார்ந்தால் காலையில் கொஞ்சம் காய வேண்டும், மதியம் சூரியன் முதுகுக்குப் போய்விடும். நாள் முழுக்க இருப்பவர்கள் மேற்குப் பக்கத்தைத் தேடுவது நல்லது.

கூரை எல்லா வரிசைக்கும் நிழல் தராது. முன் வரிசைகளில் தொப்பி இல்லாமல் உட்காராதீர்கள். 2011-இல் வந்த அந்த வெள்ளைத் துணிக் கூரைகளை ஒரே வளையமாக மூடாமல், ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு இடைவெளி விட்டு அமைத்திருக்கிறார்கள். கடற்காற்று உள்ளே வர வேண்டும் என்பதற்காகத்தான். முன்பு முழுக்க மூடிய கான்கிரீட் கிண்ணமாக இருந்தபோது உள்ளே உட்கார்ந்து வெந்தவர்களைக் கேட்டால் இந்த இடைவெளியின் அருமை புரியும். மதியத்துக்கு மேல் ஒரு கட்டத்தில் காற்று திரும்பும். கூரைத் துணியில் அசைவு தெரியும், கேலரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஹப்பா" என்பார்கள். பந்து வீச்சாளர்களும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். கடல் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கினால் சுழற்பந்து காற்றிலேயே விலகும்.

அந்த வெக்கையைப் பற்றி உலகத்துக்குத் தெரிய வைத்தவர் டீன் ஜோன்ஸ். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்காக இங்கே 210 அடித்தார். ஆட்டத்தின் நடுவே மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். அவுட்டான பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். அவ்வளவு பாடுபட்டும் ஆட்டம் எந்தப் பக்கமும் சாயவில்லை. 348 வேண்டிய இந்தியா, கடைசி ஓவரில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனபோது 347. டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது 'டை'. மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார். மணிந்தரின் மட்டையில் பந்து பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

போய்ச் சேரும் வழி

வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். பெரிய ஆட்டத்தன்று சுற்றியுள்ள சாலைகளில் போக்குவரத்தை மாற்றி விடுவார்கள், நிறுத்த இடம் கிடைக்காது. இருசக்கர வாகனத்தில்தான் வருவேன் என்றால் ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், வெளியே வைக்க இடமும் கிடையாது.

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையம் மைதானத்தின் பின்புறத்தை ஒட்டியே இருக்கிறது. வேளச்சேரி, திருமயிலைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நேர் வழி. தாம்பரம் வழித்தடத்தில் வருகிறவர்கள் பூங்கா நிலையத்தில் இறங்கி, பக்கத்திலிருக்கும் பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து மாற வேண்டும். சென்ட்ரலில் வந்து இறங்குகிறவர்களுக்கும் அதே பூங்கா நகர்தான். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம்.

மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கத்தைத் தாண்டி நேரே நடங்கள். ஒரு கிலோமீட்டர் சுமார். போட்டி நாளில் வழி கேட்கவே வேண்டாம், மஞ்சள் சட்டைகளின் பின்னால் போனால் போதும். சில சீசன்களில் போட்டி டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பேருந்தில் இலவசம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கிளம்புமுன் அந்த ஆண்டு உண்டா என்று பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கே: மைதானத்துக்கு ஒரே வாசல் இல்லை. வாலாஜா சாலை, பெல்ஸ் ரோடு, விக்டோரியா ஹாஸ்டல் ரோடு என்று சுற்றிலும் கேட்டுகள். உங்கள் டிக்கெட்டில் எந்த கேட் எண் இருக்கிறதோ அதன் வழியாகத்தான் விடுவார்கள். உள்ளே போய் ஒரு ஸ்டாண்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொள்ளலாம் என்றால் முடியாது, இடையில் வேலி. தவறான கேட்டில் நீண்ட வரிசையில் நின்று, "அந்தப் பக்கம் போங்க" என்று கேட்டுவிட்டு மைதானத்தையே வலம் வருகிறவர்களை ஒவ்வோர் ஆட்டத்திலும் பார்க்கலாம். பெல்ஸ் ரோட்டின் அதிகாரப்பூர்வப் பெயர் பாபு ஜெகஜீவன்ராம் சாலை. போலீஸ் அறிவிப்புகளில் அந்தப் பெயர் வந்தால் வேறு சாலை என்று நினைத்துவிடாதீர்கள்.

எதை எடுத்துப் போகலாம்

கிட்டத்தட்ட எதையும் வேண்டாம். போன், அடையாள அட்டை, கொஞ்சம் பணம், தொப்பி. பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், தீப்பெட்டி, லைட்டர், செல்ஃபி குச்சி எல்லாம் கேட்டிலேயே நின்றுவிடும். கொடி கொண்டுபோகலாம், குச்சி கூடாது. போனில் முழு சார்ஜ் இருக்கட்டும், டிக்கெட்டே அதில்தான் இருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்டால் கேட் அருகே நெட் வேலை செய்யாது. அதனால் டிக்கெட்டை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

சாப்பாட்டை வெளியே முடித்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம். உள்ளே விலையும் அதிகம், வரிசையும் அதிகம், ஒரு பிரியாணிக்கு இரண்டு விக்கெட்டைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும். கூப்பிடு தூரத்தில் திருவல்லிக்கேணி இருக்கிறது. ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் என்று பேச்சிலர்களைக் காலங்காலமாக வளர்த்த பேட்டை அது. சாயங்கால ஆட்டமென்றால் நான்கு மணிக்கே வந்து, ஒரு டிபன் முடித்துவிட்டு, பாரதி சாலை வழியாக நடந்து வந்தால் சரியாக இருக்கும்.

உட்கார்ந்த பிறகு

முதலில் பிட்சைப் பாருங்கள். செம்மண் ஆடுகளம் என்றால் பந்து எகிறும், தொடக்கத்தில் வேகப் பந்துக்கும் வேலை இருக்கும். கரிசல் என்றால் பந்து மெதுவாக, தாழ்வாக வரும், சுழல் சீக்கிரம் நுழைந்துவிடும். இரண்டு வகையும் இங்கே உண்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் தேர்ந்தெடுப்பார்கள். "சேப்பாக்கத்தில் சென்னையைச் சாய்க்க முடியாது" என்ற பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025-இல் பெங்களூரு அணி 2008-க்குப் பிறகு முதல் முறையாக இங்கே ஜெயித்துவிட்டுப் போனது. அந்த சீசனில் சொந்த மண்ணில் சென்னை வரிசையாகத் தோற்றதைப் பார்த்த பிறகு, மண் யாருக்கும் உறவு இல்லை என்று புரிந்துபோனது.

இடைவேளைகளில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பச்சையின் கதையைக் கொஞ்சம் அசைபோடலாம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் தெரியும் பழைய குவிமாடங்கள் சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டியது. நீங்கள் நடந்து வந்த வாலாஜா சாலைக்கு அவர் பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நவாபின் ஆட்சியுரிமையை ஆங்கிலேயர்கள் முடித்துவைத்து, அரண்மனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 1846-இல் தொடங்கப்பட்டு அதுவரை தீவுத்திடலில் ஆடிக்கொண்டிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், 1860-களில் அரண்மனை வளாகத்தின் ஒரு பகுதிக்கு வந்து சேர்ந்தது. அந்த கிளப் இன்றும் இதே வளாகத்தில் இருக்கிறது.

அது வெள்ளையர்களின் கிளப். இந்தியர்களுக்கு அங்கே இடமில்லை. புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியதற்கு அதுதான் பின்னணி. ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதும் ஆட்டத்தை ஏற்பாடு செய்தவரும் அவரே. அந்த ஆட்டத்தைப் பார்க்காமலேயே 1908-இல் காலமாகிவிட்டார். பிறகு அது பிரசிடென்சி மேட்ச் என்ற பெயரில் பொங்கலையொட்டி ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் நடந்தது. தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பெயரில் இன்றும் ஒரு போட்டித் தொடர் நடக்கிறது. அதையும் கூட்டமில்லாமல் பார்க்கலாம்.

பொங்கலுக்கும் இந்த மைதானத்துக்கும் உள்ள தொடர்பு அதோடு முடியவில்லை. அறுபதுகளின் இறுதியிலிருந்து எண்பதுகள் வரை 'பொங்கல் டெஸ்ட்' என்பது ஊர் வழக்கு. 1975 பொங்கல் சமயத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டைச் சாய்த்து இந்தியாவை 190-க்குச் சுருட்டியபோது, ஜி.ஆர். விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. மூன்று ரன் குறைந்ததால் அது சதமாகவில்லை, ஆனால் சேப்பாக்கத்தில் அடித்த எந்தச் சதத்தைப் பற்றியும் பெரியவர்கள் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. 1988 பொங்கலுக்கு நரேந்திர ஹிர்வானி என்ற அறிமுகப் பையன் மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டை வாரிச் சுருட்டினார்.

ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் 1952 பிப்ரவரி 10. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்தது இங்கே. 1932-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது வருடம் கழித்துக் கிடைத்த வெற்றி. இங்கிலாந்தை இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். மன்கட் 12 விக்கெட், பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம். ஆட்டம் தொடங்கிய நாளில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்துபோனார்.

கேலரி ஒழுக்கம்

எழுதப்படாத விதிகள் சில உண்டு. ஓவர் நடுவில் எழுந்து படியேறாதீர்கள், ஓவர் முடியட்டும். இல்லையென்றால் பின்னால் பத்து வரிசையிலிருந்து "உக்காருங்க சார்!" என்று வரும். டெஸ்ட்டில் பந்து வீச்சாளர் ஓடி வரும்போது பேச்சு தானாகக் குறையும், நீங்களும் குறைத்துக்கொள்ளுங்கள். எதிரணி நன்றாக ஆடினால் கை தட்டுங்கள். இந்த ஊர் அதில் கொஞ்சம் கர்வம் கொண்டது, காரணமும் இருக்கிறது.

1999 ஜனவரி. பாகிஸ்தானுக்கு எதிராக 271 தேவை. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 வரை இழுத்து வந்தார். அவர் அவுட்டானபோது தேவை வெறும் 17 ரன், கையில் மூன்று விக்கெட். அடுத்த நான்கு ரன்னுக்குள் மூன்றும் போய்விட்டன, 12 ரன்னில் தோல்வி. கேலரி சற்று நேரம் பேச்சற்று இருந்தது. அப்புறம் எழுந்து நின்று கை தட்டத் தொடங்கியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டது. ஐபிஎல் சத்தத்தில் இந்தக் குணம் கொஞ்சம் மங்கித்தான் போயிருக்கிறது என்பது என் எண்ணம். டெஸ்ட் நாட்களில் இன்னமும் தெரியும்.

விசில் வேண்டுமென்றால் வாசலிலேயே விற்பார்கள். பக்கத்தில் கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் முகத்தைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பி ஊதுங்கள்.

திரும்பும்போது

ஏழரை மணி ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகிவிடும். பறக்கும் ரயிலின் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நாட்களில் மெட்ரோவைக் கூடுதல் நேரம் ஓட்டுவார்கள், அதற்கும் அறிவிப்பு வரும். கடைசிப் பந்து விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடுவார்கள். ரயில் நேரம் இடம் கொடுத்தால் பதினைந்து நிமிடம் இருக்கையிலேயே இருங்கள், படிக்கட்டு காலியாகிவிடும். வாசலில் நிற்கும் ஆட்டோக்கள் கேட்கும் வாடகைக்கு மலைக்காமல், அண்ணா சாலை வரை நடந்து போய் அங்கே பிடியுங்கள். குடும்பத்தோடும் நண்பர்களோடும் வந்தவர்கள் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று உள்ளே போகும்முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட் வாசலைச் சொல்லாதீர்கள், கூட்டம் அங்கே நிற்கவிடாது. கலைவாணர் அரங்க வாசல் சரியாக இருக்கும்.